நகரியில் இரண்டு தவணை, திருத்தணியில் ஒன்று: ரோட்டா சொட்டு மருந்தை முடிப்பது எப்படி

எங்கள் பக்கம் திருத்தணிக்கும் ஆந்திராவின் நகரிக்கும் நடுவே மாநில எல்லை இருப்பது குழந்தையின் தடுப்பூசி அட்டையைக் கையில் எடுக்கும்போதுதான் உறைக்கும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரண்டு பக்கமும் உண்டு. தலைப்பிரசவம் தாய்வீட்டில்; மூன்றாம் மாதம் மாமியார் வீட்டுக்குப் பயணம். குழந்தைக்குக் கடும் பேதி தரும் ரோட்டா கிருமியைத் தடுக்கும் சொட்டு மருந்தோ 6, 10, 14 வாரங்களில் வருகிறது. முதல் இரண்டு அங்கே, மூன்றாவது இங்கே. விட்டுப்போவது பெரும்பாலும் அந்த மூன்றாவதுதான்.

ஆந்திராவில் 2016-லேயே இது அரசுத் திட்டத்தில் வந்தது, தமிழ்நாட்டில் 2017-ல். இப்போது இரண்டு பக்கமும் இலவசம். எந்த மாநில அட்டை என்றாலும் அடுத்த தவணை போடுவார்கள். கிளம்பும் முன் அட்டையின் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்துவையுங்கள். தெலுங்கில் எழுதியிருந்தால், ஒவ்வொரு தேதிக்கும் எந்த மருந்து என்று அங்குள்ள நர்ஸம்மாவிடமே கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

“சொட்டு மருந்து போட்டாச்சு” என்ற பதிலை நம்ப முடியாது. போலியோவும் சொட்டுதான், அதே நாளில்தான் கொடுக்கிறார்கள். அது 2 சொட்டு. ரோட்டா மருந்தில் ரோட்டாவாக் என்ற வகை என்றால் 5 சொட்டு. ரோட்டாசில் பொடி வகை என்றால் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் 2.5 மில்லி, கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விடுவார்கள். போன தடவை ஐந்தே சொட்டு, இப்போது இவ்வளவா என்று பயப்பட வேண்டாம், மருந்து வேறு. ஒரே மருந்தில் முடிப்பது நல்லதுதான். அது கிடைக்காவிட்டால் இருப்பதைக் கொண்டு மொத்தம் மூன்று தவணையாக்க வேண்டும். தனியாரில் இரண்டே தவணை உள்ள மருந்தில் தொடங்கி இங்கே வந்தாலும் கணக்கு மூன்றுதான். குழந்தை பெரும்பகுதியைத் துப்பிவிட்டால் அங்கேயே சொல்லுங்கள். வீட்டுக்குப் போய்ச் சொல்லிப் பயனில்லை. தாய்ப்பாலுக்குத் தடை கிடையாது. தேதி தவறினாலும், முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்கலாம்.

போட்ட பிறகும் பேதி வருகிறதே என்பார்கள். வரும். பேதிக்குக் கிருமிகள் பல. இது ரோட்டாவுக்கு மட்டும். டெல்லி, புனே, வேலூரில் ரோட்டாவாக்கைச் சோதித்தபோது, கடுமையான ரோட்டா பேதி முதல் வயதில் ஏறக்குறைய 56 சதவீதம் குறைந்தது. மீதிக்கு ஓ.ஆர்.எஸ். என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல்தான் கதி.

அதில்தான் தவறு அதிகம். ஒரு லிட்டர் பாக்கெட்டை டம்ளர் தண்ணீரில் கரைப்பது, அல்லது சிட்டிகை சிட்டிகையாகப் போடுவது. முதலாவதில் உப்பும் சர்க்கரையும் கூடிப்போய்ப் பேதி அதிகமாகும், ரத்தத்தில் உப்பு ஏறும். இரண்டாவதில் பலன் இல்லை. லிட்டர் வாட்டர் பாட்டிலால் கொதித்தாறிய நீரை அளந்து பாக்கெட் முழுவதையும் கொட்டுங்கள். 200 மில்லி பாக்கெட்டும் விற்கிறது, பாக்கெட்டில் எழுதியுள்ள அளவைப் பாருங்கள். 24 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரில் அட்டை டப்பாவில் விற்ற இனிப்புப் பானங்களுக்கு 2025 அக்டோபரில் அந்தப் பெயரை வைக்கத் தடை வந்தது. தடை வருவதற்குள் எத்தனை டப்பா குடித்து முடித்தோமோ!

2 மாதம் முதல் 2 வயது வரை, ஒவ்வொரு பேதிக்கும் கரைசல் 50 முதல் 100 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.

“பல் முளைக்குது” என்று இரண்டு நாள், தொக்கம் எடுக்க (வயிற்றில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியம்) ஒரு நாள் என்று போய்விடுவதும் உண்டு. தொக்கம் எடுப்பதால் குழந்தை இழந்த நீர் திரும்பாது. கண் குழிவிழுந்து, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்பி, குடிக்க மறுத்துத் துவண்டு கிடந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு. மலத்தில் ரத்தம் கண்டாலும் அப்படியே. சொட்டு மருந்துக்குப் பின் விட்டுவிட்டு வீறிட்டு அழுது, வாந்தியும் இருந்தால் குடல் செருகலா (குடலின் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் நுழைவது) என்று பார்க்க வேண்டும். அரிதுதான், ஆனால் காத்திருக்கக் கூடாது.

பேதிக்குக் கொடுக்கும் துத்தநாக (ஜிங்க்) மாத்திரை 14 நாள். 6 மாதத்துக்கு மேல் 20 மில்லிகிராம். 2 முதல் 6 மாதம் வரை பாதி, தாய்ப்பாலில் கரைத்து. நாலாம் நாள் பேதி நின்றதும் மீதி மாத்திரையை அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். அடுத்த இரண்டு மூன்று மாதத்தில் பேதி திரும்ப வராமல் தடுக்க உதவுவது அந்தப் பத்து நாள் மாத்திரைதான்.