குருமட வாசல் முதல் பங்குப் பணி வரை

மறைமாவட்டக் குருவாக (ஓர் ஆயரின் கீழ் பங்குகளில் பணிசெய்யும் கத்தோலிக்கக் குருவாக) விரும்பும் தம்பி முதலில் செய்ய வேண்டியது, திருமுழுக்குச் சான்றிதழையும் பள்ளிச் சான்றிதழையும் அருகருகே வைத்துப் பார்ப்பது. கோவில் பதிவேட்டில் அந்தோணிசாமி, பள்ளியில் ஆண்டனிராஜ் என்று இருப்பது நம் ஊர்களில் சர்வசாதாரணம். இருவரும் ஒருவரே என்று பங்குத்தந்தையிடம் அப்போதே கடிதம் வாங்கிவிட்டால், குருப்பட்டம் பெறும் நேரத்தில் ஆயரகத்துக்கு அலைய வேண்டியிராது. திருமுழுக்குச் சான்றிதழ் புதிதாக எடுத்ததாக இருக்கட்டும். உறுதிப்பூசுதல், திருமணம் ஆகியவற்றைப் பதிவேட்டின் ஓரத்தில் பின்னர்தான் குறிப்பார்கள். பழைய நகலில் அவை இருக்காது.

பிளஸ் டூ முடித்து வருபவருக்குக் குருப்பட்டம் வரை சுமார் பத்து ஆண்டுகள். குருக்களைப் பயிற்றும் குருமடத்தில் தொடக்கப் பயிற்சி ஓராண்டுக்குக் குறையாமல், இரண்டாண்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்கிறது 2016-இல் வத்திக்கான் வெளியிட்ட வழிகாட்டி. மெய்யியல் 2 ஆண்டு, இறையியல் 4 ஆண்டு என்பது திருச்சபைச் சட்டம். இவற்றோடு கல்லூரிப் பட்டம், ஒரு பங்கிலோ விடுதியிலோ களப்பணி.

இத்தனை ஆண்டுகளிலும் பலர் தவறவிடுவது ஆன்மத் தந்தையோடு (ஆன்மீக வாழ்வில் வழிகாட்டும் குருவோடு) மனம்விட்டுப் பேசுவதை. சொன்னது குருமட அதிபர் காதுக்குப் போய்விடும், அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. ஒருவரைப் பட்டத்துக்கு ஏற்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கும்போது ஆன்மத் தந்தையின் கருத்தையோ, பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்பவரின் கருத்தையோ கேட்கவே கூடாது என்று திருச்சபைச் சட்டம் (எண் 240) தெளிவாகத் தடுக்கிறது. தனிமை, பாலியல் போராட்டம், குடும்பக் கடன், செபத்தில் வறட்சி எல்லாவற்றையும் அங்கே திறக்கலாம். படிப்பில் முதல் வரிசையில் இருந்து, இவற்றை மட்டும் பூட்டி வைத்தவர்கள் பட்டத்துக்குப் பிறகு தடுமாறுவதைப் பார்க்கும்போது மிகவும் வலிக்கிறது.

இறையியல் காலத்தில் வாசகர் (திருப்பலியில் வாசகம் வாசிப்பவர்), பீடத்துணைவர் (பீடத்தில் உதவுபவர்) பணிகள் கிடைக்கும். பிறகு, குருப்பட்டத்துக்கு முந்தைய படியான திருத்தொண்டர் பட்டம். வயது 23 நிறைந்திருக்க வேண்டும். சுய விருப்பத்தோடு வருகிறேன் என்ற அறிக்கையைத் தன் கையாலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும், தட்டச்சு கூடாது. மணத்துறவு வாக்குறுதியும், நாளின் வேளைகளுக்கான கட்டளைச் செபக் கடமையும் இங்கேயே தொடங்கிவிடுகின்றன. குருப்பட்டத்துக்கு வயது 25. இரண்டு பட்டங்களுக்கும் இடையே குறைந்தது ஆறு மாதம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஐந்து நாளாவது தியானம். குருப்பட்டத்தில் கைகளில் கிறிஸ்மா தைலம் பூசப்பட்ட மறுநாளே பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்துவிட முடியாது. அதற்கான அதிகாரம் தனியாகக் கிடைக்க வேண்டும், பெரும்பாலும் ஒரு தேர்வுக்குப் பிறகு.

உதவிப் பங்குத்தந்தையாகப் போன முதல் ஆண்டில் முதலில் கைநழுவுவது காலைத் தியானம். குருமடத்தில் மணி அடித்தது. இங்கே அடிக்க ஆள் இல்லை. 6 மணிப் பூசை என்றால் 5.15-க்கு நற்கருணை முன் உட்கார்ந்துவிட வேண்டும், கதவு திறப்பதற்கு முன், போன் அறையிலேயே இருக்க. கதவு திறந்துவிட்டால் பிணியாளர், தகராறு, கல்யாண ஓலை எழுத வந்த வீட்டார் என நாள் தானாக ஓடிவிடும். அன்பியக் (பங்கின் சிறு குடும்பக் குழு) கூட்ட நாட்களில் மாலைப் புகழை (கட்டளைச் செபத்தின் மாலைப் பகுதியை) கிளம்புவதற்கு முன்பே செபித்துவிடுவது நல்லது. "திரும்பி வந்து பார்ப்போம்" என்று வைத்தால் பத்தரை மணிக்குத் தூக்கம்தான் வெல்லும்.

மறையுரைக்கு ஞாயிறு நற்செய்தியைத் திங்களன்றே வாசியுங்கள். வீடு சந்திப்பில் கேட்கிற துயரங்கள் வாரம் முழுக்க அந்த வாசகத்தோடு சேர்ந்து ஊறும். சனி இரவில் வாட்ஸ்அப்பில் எடுத்த மறையுரையை மக்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். சொந்தப் பாவசங்கீர்த்தனத்துக்கு மறைவட்டத்துக்கு (அருகருகே உள்ள பங்குகளின் தொகுப்புக்கு) வெளியே ஒரு குருவைப் பிடித்து, மாதத்தில் ஒரு நாளை நிரந்தரமாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

திருப்பலிக் கருத்தும் (இன்ன வேண்டுதலுக்கு என்று மக்கள் சொல்வது) அதற்கான காணிக்கையும் வாங்கிய கையோடு ஏட்டில் ஏற வேண்டும். ஒரு நாளில் எத்தனை பூசை வைத்தாலும் ஒரு பூசையின் காணிக்கைதான் குருவுக்கு. கிறிஸ்துமஸ் மட்டும் விதிவிலக்கு. பங்குத்தந்தையான பிறகு ஞாயிறுதோறும் ஒரு பூசை பங்கு மக்களுக்காக, காணிக்கை இல்லாமல். அது எந்தப் பூசை என்று ஏட்டில் முன்கூட்டியே எழுதிவைத்தால், கருத்துக் கொடுக்க வருகிறவருக்கு வேறு நாளைச் சொல்லிவிடலாம்.