குழாய்கள் நன்றாக இருக்கின்றன

நரம்பியல் பிரிவில் பயிற்சி மருத்துவராகச் சேர்ந்த புதிதில், மூளை ரத்தக்கசிவு என்பது உயர் ரத்த அழுத்தத்தைக் கவனிக்காமல் விட்ட முதியவர்களுக்கு வருவது என்றே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைக் கலைத்தவர், திடீர்த் தலைவலியும் வாந்தியும் கண்டு, இடக்கை செயலிழந்த நிலையில் இரவில் கொண்டுவரப்பட்ட 26 வயது இளைஞர்.

சி.டி. ஸ்கேனில் புதிய ரத்தம் வெண்மையாகத் தெரியும். அவருக்கு அது மூளையின் வலப்பக்கம், மேற்பரப்பை ஒட்டித் தேங்கியிருந்தது. ரத்த அழுத்தத்தால் நேரும் கசிவு பெரும்பாலும் மூளையின் ஆழத்தில் நிகழும்; இளம் வயதில், அழுத்தமும் இயல்பாக இருந்து, மேற்பரப்பை ஒட்டிக் கசிந்திருந்தால், ரத்தக் குழாயில் கோளாறு இருக்கிறதென்று கருதியே தேட வேண்டும். தமனியும் சிரையும் நுண்குழாய்கள் இடையில் இல்லாமல் நேரடியாகப் பின்னிக்கொண்ட முடிச்சு, தமனிச் சுவரின் வீக்கம், ரத்தம் உறையாமை, இதய வால்வில் தொற்று, கோகெய்ன் போன்ற போதைப்பொருள் என்று பட்டியல் நீளும். சிரையில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டாலும் கசிவு ஏற்படலாம். அப்போது, மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கும் நிலையிலேயே, உறைவைத் தடுக்கும் மருந்தைக் கொடுக்க வேண்டியிருக்கும். முதன்முறை அந்த ஊசியைப் போடச் சொல்லி எழுதியபோது என் கை தயங்கியது.

இளைஞருக்கு எல்லாப் பரிசோதனைகளும் செய்தோம். தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாய் செலுத்தி, மூளையின் ரத்தக் குழாய்களைப் படமெடுத்த ஆஞ்சியோகிராமிலும் ஒன்றும் தென்படவில்லை. காத்திருந்த அவருடைய தாயாரிடம், "குழாய்கள் நன்றாக இருக்கின்றனம்மா" என்றேன். மூன்று மாதம் கழித்து மறுபடியும் ஆஞ்சியோகிராம் எடுக்க வேண்டும் என்பதையும் சொல்லத்தான் சொன்னேன்; ஆனால் நல்ல செய்தியைக் கேட்டுக் கண்ணீர் வடித்துக்கொண்டிருந்தவரின் காதில் அது விழுந்திருக்காது.

அவர்கள் வரவில்லை. ஏழாம் மாதம் வலிப்பு வந்த பிறகே வந்தார்கள். ரத்தக்கட்டி கரைந்துவிட்டிருந்த அந்த இடத்தில், முதல் முறை கட்டியின் அழுத்தத்தால் நசுங்கி மறைந்திருந்த சிறு முடிச்சு இப்போது தெளிவாகத் தெரிந்தது. இடைப்பட்ட காலத்தில் அது மீண்டும் கசியாமல் இருந்ததற்கு என் திறமை எதுவும் காரணமில்லை. அறுவைச் சிகிச்சையில் முடிச்சை அகற்றினார்கள். "நீங்கள்தானே நன்றாக இருக்கிறது என்றீர்கள்?" என்று தாயார் கேட்டதில் கோபம்கூட இல்லை, உண்மையிலேயே புரியாமல்தான் கேட்டார்.

அதன் பிறகு அந்தச் சொற்றொடரை விட்டுவிட்டேன். "இப்போதைக்குத் தெரியவில்லை, ரத்தக்கட்டி மறைத்துக்கொண்டிருக்கலாம், இன்ன தேதியில் மறுபடியும் பார்க்க வேண்டும்" என்று சொல்லி, தேதியைத் தாளில் எழுதிக் கொடுக்கிறேன். இப்படிச் சொன்னால் முகங்கள் வாடுகின்றன, பேச்சும் நீள்கிறது. மூத்த மருத்துவர் ஒருவர் நான் நோயாளிகளை வீணாகப் பயமுறுத்துவதாகக் குறைப்பட்டுக்கொண்டார்.

சிலருக்கு இரண்டாம் ஆஞ்சியோகிராமிலும் எம்.ஆர்.ஐ.யிலும் எதுவும் கிடைப்பதில்லை. அப்படிப்பட்ட 31 வயதுப் பெண் ஒருவர், "எதனால் வந்தது என்று தெரியாவிட்டால், எதைத் தவிர்த்து வாழ்வது, டாக்டர்?" என்று கேட்டார். ரத்த அழுத்தத்தைக் கவனியுங்கள், புகைக்காதீர்கள், திடீர்த் தலைவலி வந்தால் காத்திருக்காதீர்கள் என்றேன். அவர் கேட்டதற்கு அது முழுப் பதில் அல்ல என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.