ஹேட்ரியன் சுவரோரம் ஒரு நாள் நடை: முப்பது பவுண்டு டாக்சியும் முழங்கால் வலியும்

டாக்சிக் கதையை முதலில் கொட்டிவிடுகிறேன். இல்லையென்றால் சுவரைப் பற்றி நிதானமாக எழுத வராது. வட இங்கிலாந்தின் ஹெக்ஸம் ஊரிலிருந்து, நாங்கள் நடக்கத் தொடங்கிய சோலர்ஃபோர்டு பாலம் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை, பேருந்துக்குக் காத்திருந்தால் நேரமாகிவிடும் என்று டாக்சி பிடித்தோம். மீட்டர் போடவில்லை. இறங்கும்போது 30 பவுண்டு கேட்டார். கேட்டால், ஞாயிறு ரேட்டாம்! நம் காசுக்கு மூவாயிரத்துச் சொச்சம். நான் வாயைத் திறப்பதற்குள், நியூகாசிலில் வேலை பார்க்கும் நண்பன் "விடுடா, நடக்க நாள் முழுக்க இருக்கு" என்று பணத்தைக் கொடுத்துவிட்டான். அதில் பாதி என் கணக்கு.

சரி, சுவருக்கு வருவோம். ரோமப் பேரரசின் வட எல்லையாகப் பேரரசர் ஹேட்ரியன் கி.பி. 122இல் கட்டத் தொடங்கிய சுவர் இது. இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரை வரை 117 கிலோமீட்டர். அதை ஒட்டிய நடைபாதை 135 கிலோமீட்டர். முழுதாக நடக்க ஒரு வாரம் வேண்டும். அத்தனை நாள் தங்க என் பட்ஜெட் இடம் கொடுக்காது. அதனால் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டோம்: சோலர்ஃபோர்டிலிருந்து ஸ்டீல் ரிக் வரை, சுமார் 20 கிலோமீட்டர்.

தொடக்கத்திலேயே செஸ்டர்ஸ் கோட்டை. ஸ்பெயினிலிருந்து வந்த குதிரைப்படை இருந்த இடம். கோட்டையை விட ஆற்றங்கரைக் குளியல் கூடம்தான் பார்க்க வேண்டியது. சுவர்கள் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கின்றன. உடை மாற்றும் அறையில் ஏழு மாடங்கள் அப்படியே இருக்கின்றன. இவ்வளவு மிஞ்சியதற்கு ஜான் கிளேட்டன் என்ற வழக்கறிஞருக்கு நன்றி சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவர் இருந்த பண்ணைகளை ஒவ்வொன்றாக விலைக்கு வாங்கி, கல்லைப் பெயர்த்துப்போகாமல் தடுத்தவர்.

அவர் வருவதற்கு முன்பே போனது போனதுதான். ஸ்காட்லாந்தில் கிளம்பிய 1745 கலகத்துக்குப் பிறகு படைகள் வேகமாகப் போக பிரிட்டிஷ் அரசு ஒரு சாலை போட்டது. சுவரை இடித்து, அந்தக் கல்லையே அடியில் பரப்பி, மேலே சாலை! அடுத்த சில மணி நேரம் அந்தச் சாலையோரமாகத்தான் நடை. வலதுபக்கம் பள்ளம், இடதுபக்கம் மேடு, ஆட்டுப் புழுக்கை, கார் இரைச்சல். சுவர் எங்கே என்று நண்பனைக் கேட்டால் காலுக்கடியைக் காட்டுகிறான். எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

நடுவில் இரண்டு இடம் தேறியது. ஒன்று, லைம்ஸ்டோன் கார்னர். அகழி வெட்ட வந்த ரோமர்கள் கருங்கல் பாறையில் முட்டிக்கொண்டு, வேலையைப் பாதியில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆப்பு அடிக்கத் துளைத்த குழிகளோடு பாறை கிடக்கிறது. உலகையே ஆண்டவர்கள் ஒரு பாறையிடம் கையை விரித்ததைப் பார்க்க எனக்குக் குஷி. இன்னொன்று, கேரோபர்க்கில், ரோமப் படைவீரர்கள் கும்பிட்ட மித்ரா என்ற தெய்வத்தின் கோயில். ஒரு சின்ன வீட்டின் கூடம் அளவுதான். பலிபீடங்கள் நகல்கள், அசல் நியூகாசில் அருங்காட்சியகத்தில். இரண்டையும் பார்க்கக் காசு கிடையாது என்பதால் என் மதிப்பெண் கூடுதல்.

அப்புறம் சூயிங்ஷீல்ட்ஸ் பாறைமுகடு வந்தது. அங்கே ஏறியதும் இதுவரை திட்டியதெல்லாம் மறந்துபோச்சு! வடக்கே செங்குத்தாக இறங்கும் பாறை, அதன் விளிம்பிலேயே வளைந்து ஏறி இறங்கும் சுவர், கீழே ஏரி, தொடுவானம் வரை ஆளில்லாத புல்வெளி. காற்று ஆளைத் தள்ளுகிறது. இதற்குத்தான் ஐயா இவ்வளவு செலவு.

ஹௌஸ்டெட்ஸ் கோட்டைக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். யோசித்துவிட்டுத்தான் வாங்கினேன். அங்கே எல்லாரும் கூடி நிற்பது படைவீரர்களின் பொதுக் கழிப்பறையில். இருபுறமும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், மறைப்பெல்லாம் கிடையாது. அடியில் ஆழமான கால்வாய். தொட்டியில் பிடித்த மழைநீரைத் திருப்பிவிட்டுக் கழுவியிருக்கிறார்கள். இன்றைய பெல்ஜியம் பக்கத்திலிருந்து வந்த துங்ரியர் படை இங்கே இருந்தது. சீட்டுக் காசு வீண் இல்லை.

அங்கிருந்து மேற்கே சில கிலோமீட்டர்தான், ஆனால் முழங்காலைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும். ஏறு, இறங்கு, மறுபடி ஏறு. ரோமன் மைலுக்கு ஒன்றாகக் கட்டிய சிறு கோட்டைகளில் ஒன்றின் வடக்கு வாசல் வளைவுக் கற்களோடு நிற்கிறது. ஏரிக்கு மேலே போகும் பாதை பயமுறுத்தும். ஈரமாக இருந்தால் கவனம்.

சைக்கமோர் கேப் என்ற பள்ளத்தில் தனியாக நின்று பேர்போன சைக்கமோர் மரம் இப்போது இல்லை. 2023 செப்டம்பரில் ஓர் இரவில் அறுத்துவிட்டார்கள். அறுத்த இருவருக்கும் 2025இல் நாலு வருஷம் மூன்று மாதம் சிறை. அடிமரம் துளிர்த்திருக்கிறது என்கிறார்கள். எனக்கு வேலிதான் கண்ணில் பட்டது. படம் எடுக்கவே மனம் வரவில்லை.

ஸ்டீல் ரிக்கிலிருந்து இறங்கிச் சாலையோரப் பப்பில் உட்கார்ந்தோம். லீக் உருளைக்கிழங்கு சூப், ஒரு துண்டு ரொட்டி, மேலே தாராளமாக மிளகு. அந்தப் பசிக்கு அமிர்தம். விலையும் நியாயம்! மிளகு என்றதும் ஒன்று: பக்கத்து விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த மெல்லிய மரத்தகடுகளில் படைவீரர்களின் கடன் கணக்குகள் இருக்கின்றன. ஒருவன் பேரில் மிளகுக்கு இரண்டு தினாரி (ரோம வெள்ளிக் காசு) எழுதியிருக்கிறது. அன்றைக்கு அந்த மிளகு நம் மேற்குக் கரையிலிருந்துதான் கப்பல் ஏறியாக வேண்டும். சேர நாட்டுச் சரக்கு இந்தக் குளிருக்குள் வந்து சேரும்போது எத்தனை கை மாறியிருக்கும்! அவனும் விலையைப் பார்த்து முணுமுணுத்திருப்பான்.

செலவுக் கணக்கைக் கடைசியில் தருகிறேன் என்று நினைத்திருந்தேன், இடம் போய்விட்டது. சுருக்கமாக: நேரமும் பணமும் குறைவென்றால் கிழக்குப் பாதியை விட்டுவிடுங்கள். ஸ்டீல் ரிக்கிலிருந்து ஹௌஸ்டெட்ஸ் போய்த் திரும்புங்கள், அதுவே போதும். தண்ணீர் கையில் இருக்கட்டும். சோலர்ஃபோர்டு தாண்டி ஹௌஸ்டெட்ஸ் வரை என் கண்ணில் ஒரு கடைகூடப் படவில்லை. ஹெக்ஸமுக்கும் ஹால்ட்விசிலுக்கும் நடுவே ஓடும் பேருந்துக்கு எண்ணே ஏடி122தான், அதாவது சுவர் தொடங்கிய கி.பி. 122! போகும் மாதத்து அட்டவணையைப் பார்த்து, கடைசி வண்டி எப்போது என்று தெரிந்துகொண்ட பிறகு பப்பில் உட்காருங்கள்.