சீசன் முடிந்தது, இனி கடல்: குன்னூர் நாட்குறிப்பு

மே 27, 2025, செவ்வாய்

கேரளத்தில் 24-ஆம் தேதியே தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டது. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் வந்தது இந்த வருடம்தான். அவலாஞ்சி, அப்பர் பவானி பக்கம் கொட்டித் தீர்க்கிறது. மலர்க்கண்காட்சிக் கூட்டம் இறங்கிப் போயாயிற்று. ஏப்ரலிலிருந்து ஓடிக்கொண்டே இருந்த டிரைவர்களும் காட்டேஜ்காரர்களும் சாக்லேட் கடைக்காரர்களும் இப்போதுதான் உட்காருகிறார்கள். உட்கார்ந்ததும் வரும் முதல் கேள்வி: "அண்ணா, ஜூன்ல அந்தமான் போலாமா?"

வேண்டாம். டிக்கெட் மலிவாகக் கிடைக்கும், ஆனால் தீவுக்குத் தீவு படகு ஓடுமா என்பது அன்றன்று காலையில்தான் தெரியும். லட்சத்தீவின் சீசன் அக்டோபரிலிருந்து மே நடுப்பகுதி வரைதான். தாய்லாந்தில் புக்கெட், கிராபி இரண்டும் மேற்கு பார்த்த கரைகள். அங்கேயும் இதே காற்றுதான் அலையைத் தூக்குகிறது. சிமிலன் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை மூடியே வைத்திருப்பார்கள்.

இடத்தைப் படத்தில் பார்த்து முடிவு செய்யாதீர்கள், மாதத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காற்று வந்து மோதும் கரை கெடும். நிலமோ மலையோ மறைக்கிற மறுகரை அமைதியாக இருக்கும். நீலகிரிக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூலையில் கூடலூரும் பந்தலூரும் நனைந்து ஊறும்போது கோத்தகிரியில் துணி காய்கிறது. நவம்பரில் மழை கோத்தகிரி பக்கம் திரும்பிவிடும். இலங்கையிலும் மலாய் தீபகற்பத்திலும் இதே கணக்குதான்.

ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை இலங்கையின் கிழக்குக் கரை, தாய்லாந்தில் சமுய் பக்கம், மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகள், பாலி. டிசம்பர் முதல் மார்ச் வரை இலங்கையின் தெற்கும் தென்மேற்கும், புக்கெட், லங்காவி, மாலத்தீவு, அந்தமான், லட்சத்தீவு.

மே 29, வியாழன்

கோவளம், வர்க்கலா பக்கம் காரில் போய் வரலாமா என்று கேட்பவர்களுக்கு: இப்போதைக்குத் தள்ளிப்போடுங்கள். மழை ஒரு காரணம். 25-ஆம் தேதி எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் 640 கண்டெய்னர்களோடு கேரளக் கடலில் மூழ்கியது இன்னொரு காரணம். அதிலிருந்த பிளாஸ்டிக் குருணை திருவனந்தபுரம் பக்கக் கரைகளில் ஒதுங்குகிறது. மணலில் வெள்ளை ஜவ்வரிசி போலக் கிடப்பது அதுதான். குழந்தைகளை அதில் விளையாட விடாதீர்கள்.

மே 31, சனி

திருகோணமலை. ஜூன் மாதத்தில் மலைக்காரர்களுக்கு என் முதல் சிபாரிசு இதுதான். போகும் செலவு குறைவு, பேச்சுக்குத் தமிழ் போதும், மே முதல் செப்டம்பர் வரை கடல் அமைதி. கொழும்பு வழியாகப் போனால் சாலையில் ஆறு மணி நேரம் பிடிக்கும். யாழ்ப்பாணத்துக்குச் சென்னையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் விமானம் இருக்கிறது. அங்கிருந்து தெற்கே இறங்குவது இன்னும் சுலபம். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் நான்கு மணி நேரம் போல ஆகும். கடல் மோசமானால் அது நிற்கும், அதனால் திரும்பும் பயணத்தைக் கப்பலை நம்பி வேலைக்குச் சேரும் நாளோடு ஒட்டி வைக்காதீர்கள். எந்த வழியில் போனாலும் ஈடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதியை ஊரிலிருந்தே இணையத்தில் எடுத்துவிட வேண்டும்.

தங்குவதற்கு நிலாவெளி அல்லது உப்புவெளி. சின்னக் குழந்தைகள் இருந்தால் பாசிக்குடா: கரையிலிருந்து வெகு தூரம் வரை இடுப்பளவுத் தண்ணீர்தான்.

நிலாவெளியிலிருந்து புறாத்தீவு கண்ணுக்குத் தெரியும் தூரம். படகில் கால் மணி நேரம். காலை முதல் படகில் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் கூட்டம் சேர்ந்து தண்ணீர் கலங்கிவிடும். தீவின் கரை மணல் இல்லை, உடைந்த பவளத் துண்டுகள். வெறும் காலில் ஓரடி வைத்தால் வெட்டும். அடிப்பாகம் தடித்த ரப்பர் செருப்பு, பின்பக்கம் வார் உள்ளதாக, ஊரிலேயே வாங்கிப் போங்கள். துடுப்பு நுனி கருத்த சிறு சுறாக்கள் ஆழம் குறைந்த இடத்திலேயே திரியும். மனிதரைக் கண்டால் விலகிப் போகும் சாதி அது. பயப்படாதீர்கள், துரத்தவும் வேண்டாம். உயிருள்ள பவளத்தின் மேல் மட்டும் எக்காரணம் கொண்டும் நிற்கக் கூடாது. முகத்தில் மாட்டும் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து பதறுகிறவர்கள்தான் காலை ஊன்றிவிடுகிறார்கள், அதனால் லைஃப் ஜாக்கெட் போட்டே இறங்குங்கள்.

ஒரு ஆபத்தைப் பற்றி யாரும் சொல்வதில்லை. இந்த மாதங்களில் அங்கே காற்று மேற்கிலிருந்து, அதாவது கரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கும். அதனால்தான் அலை எழும்பாமல் தண்ணீர் தட்டையாகத் தெரிகிறது. அதே காற்று ரப்பர் டியூபையும் காற்றடைத்த மிதவையையும் குழந்தையோடு சேர்த்து வெளியே தள்ளும். கரையில் நிற்பவருக்கு அது நகர்வதே தெரியாது. மிதவை எடுத்தால் பத்து மீட்டர் கயிறு கட்டி, ஒரு பெரியவர் கையில் பிடித்திருக்க வேண்டும்.

இங்கே நீலகிரியில், 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு ஹட்டன், நுவரெலியா, பதுளையில் இன்னும் உறவு இருக்கிறது. சொந்தக்காரர்களையும் பார்த்துவிட்டுக் கடலுக்கும் போக நினைப்பவர்கள் கவனிக்க: ஜூனில் ஹட்டன் பக்கம் நம் கூடலூர் மழைதான். பதுளை காய்ந்திருக்கும். பதுளையிலிருந்து மொனராகலை வழியாக அறுகம்பைக்கு இறங்கிவிடலாம். ஆனால் அறுகம்பை அலைச்சறுக்குக்காரர்களின் ஊர். நீந்தத் தெரியாதவர் முழங்காலுக்கு மேல் போகக் கூடாது.

ஜூன் 3, செவ்வாய்

மாலத்தீவு ஜூனில் பாதி விலைக்குப் பேசப்படும். மழை நாள் முழுக்கப் பெய்யாது, விட்டு விட்டு அடிக்கும். காற்று மேற்கிலிருந்து வருவதால் தீவின் கிழக்குப் பக்கத்து அறையைக் கேட்டு வாங்குங்கள். ஜனவரியில் போனால் மேற்குப் பக்கம். பா பவளத்தீவின் ஹனிஃபாரு விரிகுடாவில் மாண்டா திருக்கைகள் கூடுவது ஜூன் முதல் நவம்பர் வரைதான், அதனால் மழையிலும் போக ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அங்கே சிலிண்டர் கட்டி இறங்க அனுமதியில்லை, மிதந்து பார்க்கலாம்.

ரிசார்ட் செலவு கட்டாதவர்களுக்கு மாஃபுஷி போன்ற உள்ளூர்த் தீவுகள். 2009-இலிருந்து அங்கே விடுதிகள் நடத்தலாம். உள்ளூர்த் தீவில் மது கிடையாது. நீச்சலுடையில் குளிக்கத் தனியாகக் கரை ஒதுக்கியிருப்பார்கள், மற்ற இடத்தில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்.

இந்தியர்களுக்கு விசா இறங்கியதும் இலவசம். ஆனால் புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இமுகா என்ற பயணி விவரப் படிவத்தை நிரப்பியாக வேண்டும். பசுமை வரி ஆளுக்கு ஓர் இரவுக்கு: ரிசார்ட்டில் 12 டாலர், சின்ன விடுதியில் 6 டாலர். பேக்கேஜ் விலையில் இது அடக்கமா என்று எழுத்தில் கேளுங்கள். கடல் விமானம் பகலில் மட்டுமே பறக்கும். தலைநகர் மாலேவுக்கு மதியம் மூன்று மணிக்குப் பிறகு வந்து சேர்ந்தால் அன்றிரவு அங்கேயே தங்கல், கூடுதல் செலவு. பெட்டியில் மது பாட்டிலும் வைக்காதீர்கள், பூஜைக்கான சாமி சிலையும் வைக்காதீர்கள். இரண்டையும் உள்ளே விட மாட்டார்கள்.

ஜூன் 5, வியாழன்

மற்றவை சுருக்கமாக. பாலிக்கு ஏப்ரல்–அக்டோபர் வறண்ட காலம். பெங்களூரிலிருந்து நேரடி விமானம் உண்டு. விசா 5,00,000 ரூபியா, சுற்றுலா வரி தனியாக 1,50,000. குடும்பத்தோடு குளிக்க சனூர். வெளியே பவளத் திட்டு அலையை உடைத்துவிடுகிறது. கூட்டாவும் உலுவாட்டுவும் அலைச்சறுக்குக்கு. நுசா பெனிடாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும், அதனால் தடித்த நீச்சலுடை கேளுங்கள்.

சமுய் ஜூனில் நன்று, நவம்பரில் மோசம். தாய்லாந்துக்கு மே 1 முதல் மின்னணு வருகை அட்டை கட்டாயம். அது இலவசம்; பணம் கேட்கும் தளம் போலி.

மலேசியாவின் பெர்ஹென்தியான் தீவுகளுக்குக் கோத்தா பாருவில் இறங்கி, குவாலா பெசூட் துறையிலிருந்து படகு. நவம்பர் முதல் அங்கே கடை அடைப்பு.

ஜூன் 9, திங்கள்

சிலிண்டர் கட்டி ஸ்கூபா இறங்குகிறவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போக வேண்டாம்.

ஆழத்தில் அழுத்தக் காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் ரத்தத்திலும் தசையிலும் கரைந்து தங்குகிறது. மேலே வந்த பிறகு மணிக்கணக்கில் மெல்ல மெல்ல வெளியேறும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த இடத்துக்குப் போனால் அது உடம்புக்குள்ளேயே குமிழியாகக் கிளம்பும். அதனால்தான் டைவ் முடித்த பிறகு உடனே விமானம் ஏறாதே என்கிறார்கள்: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் 18 மணி நேரம்.

பயிற்சியாளர்கள் விமானத்தைப் பற்றி மட்டும் கேட்பார்கள். "காரில்தான் போகிறோம்" என்றால் சரி என்று விட்டுவிடுவார்கள். ஊட்டி 2,240 மீட்டர், கொடைக்கானல் 2,133. விமான அறைக்குள் இருக்கும் அழுத்தம் அதிகபட்சம் 2,400 மீட்டர் உயரத்துக்குச் சமம். ஊட்டிக்கு ஏறுவதும் விமானத்தில் ஏறுவதும் உடம்புக்கு ஏறக்குறைய ஒன்றுதான். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டியில் உப்பி நிற்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அதே அழுத்தக் குறைவுதான்.

காத்திருப்பு 600 மீட்டருக்கு மேல் ஏறுவதற்கே பொருந்தும். மேட்டுப்பாளையமும் கோவையும் அதற்குக் கீழே. கல்லாறு தாண்டி பர்லியாறு வருவதற்குள் 600 மீட்டர் கடந்துவிடுகிறோம். ஆகவே புதுச்சேரியில் காலையில் டைவ் அடித்துவிட்டு இரவோடு இரவாக மலையேறாதீர்கள். மேட்டுப்பாளையத்தில் ரூம் போட்டுத் தூங்கி, மறுநாள் மதியம் ஏறுங்கள். வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்குப் போகிறவர்களுக்கும் இதே கணக்கு, கீழேயே தங்க வேண்டும்.

முருடேஸ்வரத்திலிருந்து நேத்ராணி தீவுக்குப் போகிறவர்களுக்குச் சிக்கல் அதிகம். மைசூரே 770 மீட்டர். பந்திப்பூர் வனச்சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதால் அதற்குள் வந்துவிட எல்லாரும் டைவ் முடிந்த கையோடு வண்டியை எடுக்கிறார்கள். கடற்கரையிலேயே ஓர் இரவு தங்கிவிட்டுக் கிளம்புவதுதான் வழி.

மலையேறிய பிறகு மூட்டு வலி, தோலில் அரிப்பு, கை கால் மரத்துப் போதல், காரணமில்லாத அசதி வந்தால் "அலைச்சல்" என்று தைலம் தேய்த்துப் படுக்காதீர்கள். உடனே ஆக்சிஜன் உள்ள மருத்துவமனைக்குப் போய், டைவ் செய்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் டாக்டருக்கு அது தோன்றவே தோன்றாது.

ஜூன் 10, செவ்வாய்

நேற்றைய பதிவுக்கு வந்த கேள்வி: தலையில் ஹெல்மெட் மாட்டிக் கடலடியில் நடக்கும் சீ வாக்குக்கும் இது பொருந்துமா? பொருந்தும். அங்கேயும் சுவாசிப்பது அழுத்தக் காற்றுதான். 12 மணி நேரம் பொறுங்கள். மேலே மிதந்தபடி குழாயால் மூச்சு விடும் ஸ்நார்கலிங்குக்குக் காத்திருப்பு தேவையில்லை.

ஜூன் 14, சனி

பெட்டியில் என்ன வைப்பது என்று கேட்கிறார்கள்.

மலை வெயில் நமக்குப் பழக்கம்தான், கடலோரப் புழுக்கம் பழக்கமில்லை. வியர்வை ஆவியாகாமல் ஒழுகும், உடம்பு குளிராது. முதல் இரண்டு நாள் பதினொன்று முதல் மூன்று மணி வரை நிழலில் இருங்கள். ஆளுக்கு நான்கு ஓஆர்எஸ் பாக்கெட். ஒன்றை ஒரு லிட்டரில் முழுதாகக் கரைக்க வேண்டும், பாதிப் பாதியாக அல்ல. பாக்கெட் தீர்ந்தால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

சன்ஸ்கிரீன் உடம்பு முழுக்க ஒரு தடவைக்கு 30 மில்லி போகும். 50 மில்லி டியூப் ஒருவருக்கு இரண்டு முறைக்குக்கூடக் காணாது. முழுக்கை நீச்சல் சட்டை வாங்கிவிட்டால் செலவு பாதியாகும். தாய்லாந்தின் கடல் தேசியப் பூங்காக்களில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் கலந்த கிரீமுக்கு 2021 முதல் தடை. துத்தநாக ஆக்சைடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

கண்ணாடி மாஸ்க்கை வாடகைக்கு எடுக்கும்போது வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் உறிஞ்சுங்கள். கையை விட்டாலும் ஒட்டி நின்றால் அதுதான் உங்கள் அளவு. விழுந்தால் அடுத்ததை எடுங்கள். மீசைக்காரர்களுக்கு மேலுதட்டில் கசியும்; மூக்கை ஒட்டிய முடியை மட்டும் கத்தரித்தால் போதும். பவர் கண்ணாடி போடுகிறவர்கள் பவர் மாஸ்க் இருக்கிறதா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

குன்னூர் பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் அசையாதவருக்கும் படகில் வாந்தி வரும். மாத்திரையைப் படகு ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்டல் தொடங்கிய பிறகு போட்டால் அதுவும் சேர்ந்தே வெளியே வரும். கீழ்த்தளத்தில் நடுவிலிருந்து பின்பக்கமாக உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

ஜூன் 18, புதன்

நம் ஊர்ப் பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர்கள் குறைவு. அலை உடையும் கரையில் வெள்ளை நுரைக்கு நடுவே ஓரிடம் மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கருத்து, தட்டையாக இருக்கும். பார்க்க அதுதான் பாதுகாப்பாகத் தோன்றும். கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் சேர்ந்து கடலுக்குத் திரும்பும் இழுப்பு அது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். மிதந்து, கையைத் தூக்கிக் காட்டி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, நுரை அடிக்கும் இடத்துக்கு வந்தபின் அலையோடு வாருங்கள். சிவப்புக் கொடி என்றால் காலைக்கூட நனைக்க வேண்டாம்.

ஜூன் 21, சனி

பள்ளிகள் 2-ஆம் தேதியே திறந்துவிட்டதால் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு இனி காலாண்டு விடுமுறை அல்லது அரையாண்டு விடுமுறைதான். டிசம்பர் கடைசியில் எல்லாத் தீவும் உச்ச விலை, வங்கக் கடலில் புயல் பயமும் முழுசாகப் போயிருக்காது. அந்தமானுக்கு என் ஓட்டு ஜனவரி கடைசி முதல் மார்ச் வரை.

அந்தமானில் ஸ்ரீ விஜயபுரம், அதாவது பழைய போர்ட் பிளேர், ஸ்வராஜ் தீப் (பழைய ஹேவ்லாக்), ஷஹீத் தீப் (பழைய நீல் தீவு) மூன்றுக்கும் இந்தியர்களுக்கு அனுமதிச் சீட்டு வேண்டாம். லட்சத்தீவுக்குக் கட்டாயம் வேண்டும். அனுமதி கைக்கு வரும் முன் பணம் திரும்பாத டிக்கெட் எடுக்காதீர்கள்.

ஷஹீத் தீப்பில் பாரத்பூர் கரையில் நீர் ஏறியிருக்கும்போதுதான் குளிக்க முடியும், இயற்கைப் பாலத்தை நீர் வற்றும்போதுதான் நடந்து போய்ப் பார்க்க முடியும். வற்றும் நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். விடுதியில் அன்றைய நேரத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு ஆட்டோ பேசுங்கள். கடைசித் தீவிலிருந்து திரும்பும் படகை விமானத்துக்கு முந்தைய நாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். அது ரத்தானால் மதியப் படகு இருக்கும், அதுவும் போனால் மறுநாள் விடியற்காலைப் படகுக்கு வரிசையில் நிற்க நேரம் இருக்கும்.