சோங்சிங் டிரையத்லான்: இன்னும் நடக்காத ஒரு போட்டியின் அனுபவம்

நான் கலந்துகொண்ட போட்டி இன்னும் நடக்கவில்லை. நடத்த யாருக்கும் துணிச்சல் வராது என்றுதான் நினைக்கிறேன். 2008 ஒலிம்பிக்கில் டிரையத்லானை பெய்ஜிங் நகருக்குள்ளேயே விடவில்லை. மிங் அரசர்களின் கல்லறைகள் பக்கம் இருக்கும் நீர்த்தேக்கத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். விவரமானவர்கள். ஆனால் சீனாவின் மலை நகரமான சோங்சிங்கில் கொஞ்ச காலம் குப்பை கொட்டியவன் என்ற முறையில், ஊரின் நட்டநடுவில் அதை வைத்தால் என்ன பாடு படவேண்டியிருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம் என்பதெல்லாம் சமதளத்தில் உட்கார்ந்து யாரோ போட்ட கணக்கு. இந்த ஊரில் தூரம் பாதிதான், மீதி உயரம்.

முதல் கண்டம் பதிவு. வீசாட் செயலியில்தான் பதிவு செய்ய வேண்டும். அடையாள எண் கட்டத்தில் 18 இலக்கம் போட்டால்தான் அடுத்த பக்கம் திறக்கும். என் பாஸ்போர்ட்டில் இருப்பதோ எட்டு. மீதிப் பத்துக்கு நான் எங்கே போவது? உதவி கேட்டால், கையாட்டும் பூனைப் படம் ஒன்று வந்தது. அதோடு சரி. அது எப்படியோ நடந்து முடிந்ததும் மருத்துவச் சான்று. சீனாவில் மாரத்தான்களுக்கே ஈசிஜி கேட்கிறார்கள், இதற்குக் கேட்காமல் இருப்பார்களா? ஈசிஜி அறை நான்காவது மாடி என்று போட்டிருந்தது. தெரு இருப்பது எட்டாவது மாடியில் என்பதை மட்டும் போடவில்லை. இறங்கி, தவறான வாசலில் வெளியே வந்து, மறுபடி ஏறி, மூச்சிரைக்கப் படுக்கையில் சாய்ந்தேன். "ஓடி வந்தீங்களா?" என்றார் நர்ஸ். "இல்லைம்மா, நடந்துதான் வந்தேன்." "அப்போ இந்தப் போட்டியெல்லாம் உங்களுக்கு எதுக்கு?" என்றபடியே முத்திரையைக் குத்திவிட்டார்.

நீச்சல் ஜியாலிங் ஆற்றில், சியன்சிமென் பாலத்தடியில் தொடக்கம். கீழே சாவ்டியன்மென் முனையில் ஜியாலிங் யாங்சி ஆற்றோடு சேரும் இடத்தில் கரையேற வேண்டும். மாதம் ஜூன். கோடையில் வெள்ளத்துக்கு இடம் வைப்பதற்காக யாங்சியின் முப்பள்ளத்தாக்கு அணையின் நீர்மட்டத்தை 145 மீட்டருக்கு இறக்கி வைப்பார்கள், குளிர்காலத்தில் 175க்கு ஏற்றுவார்கள். அணை பல நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அதன் தேக்கம் சோங்சிங் வரை எட்டுகிறது. அதனால் குளிர்காலத்தில் ஆறு தூங்கும், கோடையில் இழுக்கும். நான் குதித்ததும் இழுத்தது. நீந்தினேன் என்று சொல்வது அவ்வளவு நேர்மையாக இருக்காது. கையைக் காலை ஆட்டி ஒரு மரியாதைக்கு நீந்துவதுபோல் காட்டிக்கொண்டேன், ஆறே என்னைக் கொண்டுபோனது. என்னைக் கடந்து போனவர்கள் போட்டியாளர்கள் இல்லை, தினமும் காலையில் ஆற்றில் இறங்கும் உள்ளூர்ப் பெரியவர்கள். இடுப்பில் கயிறு, கயிற்றின் முனையில் ஆரஞ்சு நிறக் காற்றுப்பை, பைக்குள் சட்டை, செருப்பு, செல்போன். ஒரு அம்மா மல்லாந்து மிதந்தபடி இன்னொருவரிடம் கத்தரிக்காய் விலையைச் சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டினார்.

இரண்டு ஆறும் சேரும் இடத்தில் ஜியாலிங்கின் பச்சைத் தண்ணீருக்கும் யாங்சியின் மண்நிறத் தண்ணீருக்கும் நடுவே கோடு கிழித்தாற்போல இருக்கும். பச்சையிலேயே ஒதுங்கிவிட வேண்டும். மண்நிறத்துக்குள் போய்விட்டால் அடுத்த நிறுத்தம் ஷாங்காய். போட்டியை 2022 ஆகஸ்டில் வைத்திருந்தால் இந்தக் கவலையே இல்லை. நகரத்தின் பெய்பெய் பகுதியில் 45 டிகிரி அடித்த மாதம் அது. ஜியாலிங்கின் படுகை வெளியே தெரிந்து ஜனங்கள் அதில் நடந்து போனார்கள். நீச்சல் பிரிவையும் செருப்போடு முடித்திருக்கலாம்.

கரையேறினால் சைக்கிள் கண்ணெதிரே நின்றது. சாலைதான் இல்லை. சாலை படிக்கட்டின் உச்சியில். சீனா என்றாலே சைக்கிள் என்று நினைத்து வருபவர்கள் இந்த ஊரின் பழைய பகுதியில் சைக்கிளைத் தேடிப் பார்க்கலாம். ஏன் இல்லை என்பது இந்தப் படிக்கட்டின் கீழே நின்று மேலே பார்த்தால் புரியும். தோளில் தூக்க முயன்றேன். பெடல் முழங்காலில் இடித்தது. அப்போதுதான் மூங்கில் கழியோடு ஒரு பாங்பாங் வந்தார். இந்தப் படிகளில் காலங்காலமாகச் சுமை தூக்கும் கூலிகளின் மிச்சம் அவர்கள். இப்போது பெரும்பாலும் வயதானவர்கள்தான். கழி வழவழவென்று இருந்தது, தோள் படும் இடம் மட்டும் கறுத்திருந்தது. "எவ்வளவுங்க ஐயா?" "சைக்கிள் ஒரு பக்கம் சரி. மறு பக்கத்துக்கு என்ன வச்சிருக்கே?" என்றார். என்னிடம் ஈரத்துண்டுதான் இருந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்து, மேலே கடைக்குப் போகவேண்டிய இரண்டு பெரிய தர்பூசணிகளை மறுமுனையில் கட்டினார். சைக்கிளும் பழமும் ஏறின, பின்னால் நான் வெறுங்கையோடு ஏறினேன், அவருக்குப் பேச மூச்சு இருந்தது, எனக்கு இல்லை. வெளியாள் உதவி வாங்கக்கூடாது என்பது டிரையத்லான் விதி. நடுவரும் உள்ளூர்க்காரர் போல, தர்பூசணி என்ன விலை என்று மட்டும் கேட்டுக்கொண்டார்.

சைக்கிள் பாதையைப் பற்றி அதிகம் சொல்ல முடியாது, எங்கே போனேன் என்று எனக்கே தெரியாது. யாங்சியைக் கடந்து ஹுவாங்ஜுவேவான் மேம்பாலத்தில் ஏறியதுவரை நிச்சயம். ஐந்தடுக்கு, எட்டுத் திசை, மேலிருந்து பார்த்தால் பிழிந்து வைத்த இடியாப்பம். அசல் வாழ்க்கையில் சைக்கிளை அங்கே விடவே மாட்டார்கள், நல்ல காரியம். வழிகாட்டிச் செயலிக்கு நான் எந்த அடுக்கில் இருக்கிறேன் என்று பிடிபடவில்லை. "இடப்பக்கம் இறங்கவும்" என்றது. இடப்பக்கம் இருந்தது காற்று. இங்கே ஒரு இறக்கத்தைத் தவறவிட்டால் ஒருநாள் சுற்றுலா இலவசம் என்று ஊர்க்காரர்கள் கேலி செய்வார்கள். எனக்கு அந்தச் சுற்றுலா கிடைத்தது. 40 கிலோமீட்டர் தேறியதா என்று கேட்காதீர்கள், தாராளமாகத் தேறியது.

ஓட்டம் தொடங்கியது பாய்சியாங்ஜு குடியிருப்பில். 24 மாடி, லிஃப்ட் கிடையாது. மலைச்சரிவில் நிற்பதால் 1, 10, 15 என்று மூன்று மாடிகளிலும் தெருவுக்கு வாசல் உண்டு, அதனால்தான் கட்டினவர்கள் தப்பித்தார்கள். முதல் மாடியில் நுழைந்து பதினைந்தில் வெளியே வர வேண்டும். ஒன்பதாவது மாடியில் மிளகாய் காயப்போட்டிருந்த பாட்டி, முறத்தை நகர்த்தமாட்டேன் என்றார். நியாயம்தான், அது அவர் வீட்டு வாசல். தாண்டிக் குதித்தேன்.

வழியில் ஒரு பழைய குண்டுவீச்சுப் பதுங்குகுகைக்குள் தண்ணீர்ப் பந்தல். ஜப்பானிய விமானங்களுக்குப் பயந்து பாறையில் குடைந்த குகைகள் இந்த ஊரில் ஏராளம். இப்போது சிலவற்றில் ஹாட்பாட் கடை, அதாவது மேசையிலேயே கொதிக்கும் குழம்பில் முக்கித் தின்னும் கடை, நடக்கிறது, கோடையில் சிலவற்றை ஜனங்கள் குளுகுளுவென்று உட்காரத் திறந்துவிடுகிறார்கள். வெல்லப்பாகில் அரிசிமாவுத் துளிகள் நீந்தும் ஐஸ் பானம் ஒரு கிண்ணம் கொடுத்தார்கள். இன்னொன்று கேட்டு வாங்கினேன். பக்கத்து மேசையில் மாட்டுக்கொழுப்புக் குழம்பு மிளகாயோடு கொதித்துக்கொண்டிருந்தது, அதில் மாட்டு இரைப்பைத் துண்டைக் கொஞ்ச நொடிகளே முக்கி எடுக்க வேண்டும். அங்கே ஒரு போட்டியாளர் எண் அட்டையோடு அமர்ந்து முக்கிக்கொண்டிருந்தார். அவர் போட்டியை முடித்ததாகத் தகவல் இல்லை.

லிசிபாவில் மோனோரயில் அடுக்குமாடிக் கட்டடத்தின் வயிற்றுக்குள் நுழைந்து வெளியே வரும். கீழே நடைபாதை முழுக்கச் சுற்றுலாப் பயணிகள், ரயிலை விழுங்குவதுபோல் வாயைப் பிளந்து படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். என் வாயும் திறந்தபடிதான் இருந்தது, காரணம் வேறு. எத்தனை பேர் படத்தில் நான் இருக்கிறேனோ.

முடிவுக்கோடு, மலைச்சரிவில் மாடி மாடியாய் அடுக்கிக் கட்டிய ஹொங்யாதொங் கட்டடத்தின் வாசல் தெரு. வந்து சேர்ந்துவிட்டேன், செயலியும் வாழ்த்திவிட்டது. கோட்டைத்தான் காணோம். அங்கே நின்ற தன்னார்வலப் பெண் கீழே கை காட்டினாள். "அண்ணா, இது பதினோராவது மாடித் தெரு. கோடு முதல் மாடித் தெருவில்." படிக்கட்டைக் கூட்டத்துக்காக மூடியிருந்தார்கள். லிஃப்டுக்கு வரிசை. எனக்கு முன்னால் நின்ற இரண்டு பேரும் எண் அட்டை கட்டியவர்கள், முந்தவும் வழியில்லை. அரைமணி கழித்து லிஃப்ட் திறந்தது, அடித்துப்பிடித்து ஏறினோம், எடை மணி அலறியது. எல்லோரும் கடைசியாக ஏறியவனைத் திரும்பிப் பார்த்தார்கள். இறங்கிக்கொண்டேன்.