டேப்பும் பால் வெட்டும்

“கார்டை டேப் பண்றதும் பாட்டி செஞ்சதும் ஒன்னாம்மா?” மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடையில் மகள் கேட்டாள். என் அம்மா ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர்; அவருடைய பழைய சம்பளச் சீட்டில் ‘டேப்பர்’ என்றுதான் இருக்கும்.

ஒன்றில்லை. லேசாகத் தட்டும் டேப், பிரெஞ்சு வழியாக வந்தது. அம்மாவுடையது பழைய ஆங்கிலச் சொல். பீப்பாயில் செருகும் அடைப்பு முளையைக் குறித்தது. அதைப் பிடுங்கி மதுவை இறக்குவதும் டேப். தண்ணீர்க் குழாயும் அதே டேப்தான். அப்புறம் ரப்பருக்கும் வந்தது.

ஆனால் மரத்தில் முளை ஏது? விடியுமுன் நெற்றி விளக்கோடு, உள்கட்டையில் காயம் படாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவுவார் அம்மா. சுருள் காலடியில் விழும். வெட்டுக் கோட்டில் பால் அரும்பி, சரிந்து, மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், சொட்டும். நாங்கள் அதைப் ‘பால் வெட்டு’ என்போம். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும்.