பறை காய்ச்சுற நேரம்

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் பறைத் திருவிழாவுலதான் கிடந்தேன். காது இன்னும் அதிருது.

மேடையை விட எனக்குப் பிடிச்சது பின்னாடி நடந்ததுதான். ஓலையைக் கொளுத்தி, பறையை அனல்ல காட்டி, விரலால சுண்டிப் பார்க்கிறாங்க. தோல் விறைச்சு 'டங்'குன்னு கேட்டாத்தான் தோள்ல ஏறும். வலக்கையில குட்டையான அடிக்குச்சி, இடக்கையில மெல்லிசா, நீளமா சிண்டுக்குச்சி. அந்தச் சிண்டு பேச ஆரம்பிச்சா உட்கார்ந்திருக்க முடியாது!

தொல்காப்பியம் நிலத்துக்கு நிலம் பறையைக் கருப்பொருளாச் சொல்லுது. அதைச் சாவு மேளம்னு ஒதுக்கி, அடிச்சவங்களையும் சேர்த்து ஒதுக்கினோம். 2025ல பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிச்சாங்க. ரொம்ப லேட்டுன்னுதான் சொல்லுவேன்.

ஞாயிறு சாயங்காலம் வட்டம் கட்டி ஆடினதுல நிறையப் பேர் பொண்ணுங்க. என்னா அடவு!

பயிற்சி வகுப்புக்குப் பேர் கொடுத்துட்டேன். பக்கத்து வீட்டுக்காரங்க பொறுத்துக்கணும்.